அப்பாவின் கடைக் கணக்கு, என் ஃபார்ம் 16: எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

பாத்திரக்கடை மகள்:

வணக்கம். கும்பகோணத்தில் அப்பா 1989 முதல் 2022 மார்ச் வரை ஒரு சின்னப் பாத்திரக்கடை நடத்தினார். உடம்பு முடியாமல் கடையை மூடினார், 2024 தை மாதம் காலமானார். இப்போது வீட்டுக்கு வெள்ளையடிக்க ஆள் சொல்லியாகிவிட்டது, பரணை ஒழித்துக் கொடுக்க வேண்டும். ஏறிப் பார்த்தால் பதினான்கு அட்டைப்பெட்டி, இரண்டு தகரப்பெட்டி, அத்தனையும் கணக்கு. சிவப்புத் துணி அட்டை போட்ட பேரேடுகள், நாள்வழி நோட்டுகள், வருடத்துக்கு ஒரு கம்பி என்று குத்தி வைத்த பில்கள், நாச்சியார்கோவிலில் குத்துவிளக்கு வாங்கிய கொள்முதல் ரசீதுகள், டிஎன்ஜிஎஸ்டி என்ற பழைய மாநில விற்பனைவரி காலத்து ரிட்டர்ன் நகல்கள், அதன் மேல் அடுத்து வந்த வாட் வரி, அதற்கும் மேல் ஜிஎஸ்டி. ஒரு பெட்டியில் கரையான் ஏறி அடிப்பக்கம் மண்ணாகவே ஆகிவிட்டது.

அக்கா எல்லாவற்றையும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்கிறாள். அம்மா ஒரு காகிதம்கூடப் போகக்கூடாது என்கிறார். எனக்கு இரண்டுமே சரியாகப் படவில்லை. அப்பா கடைசிக் காலத்தில் விற்பனையில் 8 விழுக்காட்டை லாபமாகக் காட்டும் முறையில்தான் ரிட்டர்ன் போட்டார் என்று நினைக்கிறேன், அப்படிப் போட்டால் கணக்குப் புத்தகமே வேண்டாம் என்று பக்கத்துக் கடைக்காரர் சொல்கிறார்.

இதோடு என்னுடையதும் இருக்கிறது. நான் கோயம்புத்தூரில் 13 வருடமாகச் சம்பளத்துக்கு வேலை செய்கிறேன். ஃபார்ம் 16 (சம்பளத்தில் பிடித்த வரிக்கு அலுவலகம் தரும் சான்று), வாடகை ரசீது, எல்ஐசி ரசீது, பழைய பாஸ்புக் என்று ஒரு பீரோ அறை நிறைய வைத்திருக்கிறேன். எது எத்தனை வருடம்? தெரிந்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும், வெள்ளையடிக்கும் ஆட்கள் அடுத்த வாரம் வருகிறார்கள்.

மணி சேலம்:

ஏழு வருடம். அதற்கு மேல் எதையும் வைத்திருக்க வேண்டியதில்லை. எங்கள் கடையில் ஒவ்வொரு ஏப்ரலிலும் எட்டாவது வருடத்து மூட்டையை எடுத்து எரித்துவிடுவோம், அப்பா காலத்தில் இருந்து இதுதான் வழக்கம், இதுவரை ஒரு தொந்தரவும் வந்ததில்லை.

கணக்கர் திருச்சி:

மணி தம்பி சொன்ன ஏழு வருடம் பெரும்பாலான காகிதத்துக்குச் சரிதான். ஆனால் அதை அப்படியே பிடித்துக்கொண்டு பெட்டிகளைக் கட்டிவிடாதீர்கள் அம்மா. ஒரு ஆடிட்டர் அலுவலகத்தில் 26 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். இந்தக் கேள்வியோடு வருகிறவர்களிடம் நான் முதலில் சொல்வது ஒன்றுதான். வரி அலுவலகத்தார் வந்து நம்மைக் கேட்டால் காட்டவேண்டிய காகிதம் வேறு, நாம் போய் அவர்களிடம் கேட்பதற்கு வேண்டிய காகிதம் வேறு. விற்பனை பில், கொள்முதல் பில், செலவு வவுச்சர் எல்லாம் முதல் வகை, அதற்குச் சட்டத்தில் கெடு இருக்கிறது, கெடு தாண்டினால் போட்டுவிடலாம். வரி கட்டிய சலான், ரீஃபண்ட் வரவேண்டிய ஆணை, சொத்து வாங்கிய பத்திரம், வீடு கட்டிய பில் எல்லாம் இரண்டாவது வகை. அதற்கு வருடக் கணக்கே கிடையாது, தேவை தீரும் வரை வைத்திருக்க வேண்டும். ஏழு வருடம் என்று சொல்லி எரிக்கிறவர்கள் முதல் வகையோடு சேர்த்து இரண்டாவதையும் எரித்துவிடுகிறார்கள்.

சரி, கெடுவைப் பார்ப்போம். இதில் பலரும் தவறுவது எந்தத் தேதியில் இருந்து எண்ணுவது என்பதில்தான். பில் தேதியில் இருந்து எண்ணக்கூடாது. உங்கள் அப்பாவின் கடைசி வியாபார வருடம் 2021-22. அந்த வருமானத்துக்கு வரி பார்க்கும் அடுத்த வருடம், அதாவது மதிப்பீட்டு ஆண்டு, 2022-23, அது முடிந்தது 2023 மார்ச் 31. வருமான வரியில் பழைய வருடத்தைத் திறந்து 148-ஆம் பிரிவு நோட்டீஸ் அனுப்ப இப்போது இருக்கும் கெடு, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 3 வருடம் 3 மாதம். விடுபட்ட வருமானம் 50 லட்சமோ அதற்கு மேலோ என்று அவர்கள் கையில் ஆதாரம் இருந்தால் 5 வருடம் 3 மாதம். ஆக 2021-22-க்கு 2026 ஜூன் 30, பெரிய தொகை என்றால் 2028 ஜூன் 30. இந்த விதி 2024 செப்டம்பர் 1 முதல்தான். அதற்கு முன்னால் 2021-இல் கொண்டுவந்த விதிப்படி பெரிய தொகைக்கு 10 வருடம் வரை திறக்க முடிந்தது, அதனால்தான் இன்றைக்கும் சிலர் பத்து வருடம் என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். டாக்டர், வக்கீல் போன்ற தொழில்களுக்கு, மதிப்பீட்டு ஆண்டு முடிந்து 6 வருடம் புத்தகம் வைத்திருக்க வேண்டும் என்று தனியாகவே ஒரு விதி இருக்கிறது. வியாபாரிகளையும் அதே 6 வருடத்தைப் பின்பற்றச் சொல்லுவோம். அப்படிப் பார்த்தால் 2029 மார்ச் 31.

ஜிஎஸ்டி கணக்கு வேறு. அந்த வருடத்தின் ஆண்டு ரிட்டர்னுக்குக் கடைசித் தேதி எதுவோ அதில் இருந்து 72 மாதம். 2021-22-க்குக் கடைசித் தேதி 2022 டிசம்பர் 31, ஆகவே 2028 டிசம்பர் 31 வரை. விற்றுமுதல் 2 கோடிக்குள் இருந்ததால் ஆண்டு ரிட்டர்ன் போடவில்லை என்றாலும் நாங்கள் அந்தத் தேதியை வைத்தே எண்ணுகிறோம். கடையை மூடிப் பதிவை ரத்து செய்துவிட்டதால் இந்தக் கடமை போய்விடாது. அப்புறம், மேல்முறையீடோ விசாரணையோ எதுவாவது நிலுவையில் இருந்தால் அது முடிந்து ஒரு வருடம் வரைக்கும் அந்த வருடத்துக் காகிதத்தைத் தொடக்கூடாது, இது 72 மாதம் தாண்டினாலும் பொருந்தும்.

பக்கத்துக் கடைக்காரர் சொன்னது பாதிதான் சரி. 8 விழுக்காடு காட்டினால் வருமான வரிக்குப் பேரேடு எழுத வேண்டியதில்லை. ஆனால் அந்த 8 விழுக்காடு எந்த விற்பனைத் தொகையில் போட்டது என்று கேட்டால் பில் புத்தகமும் வங்கிக் கணக்கும்தானே பதில்? ஜிஎஸ்டி சட்டம் எப்படியும் பில் கேட்கும்.

2017 ஜூன் 30-க்கு முந்தைய வாட் காலத்துக் காகிதம், அதற்கும் முன்னால் 2006 டிசம்பர் வரையிலான டிஎன்ஜிஎஸ்டி காகிதம், இவற்றில் பில்களும் வவுச்சர்களும் போகலாம். ஆனால் பெட்டியை மூடியபடி போடாதீர்கள். நோட்டீஸ், ஆணை, மேல்முறையீடு என்று எதுவாவது ஒரு தாள் உள்ளே இருக்கிறதா என்று ஒவ்வொரு ஃபைலையும் ஒரு தடவையாவது புரட்டிப் பாருங்கள்.

பிரைவேட் லிமிடெட் வைத்திருக்கிற யாராவது இதைப் படித்தால், உங்களுக்குக் கம்பெனிச் சட்டப்படி 8 நிதி ஆண்டு, வவுச்சரோடு.

அம்பத்தூர் ரவி:

கணக்கர் ஐயா சொன்ன இரண்டாவது வகைக் காகிதத்தின் அருமை எனக்கு 2019-இல் தெரிந்தது. அந்த வருடம் 31,000 ரூபாய் ரீஃபண்ட் வர வேண்டியிருந்தது. அதற்குப் பதிலாக ஒரு அறிவிப்பு வந்தது, 2008-09 மதிப்பீட்டு ஆண்டில் 18,400 ரூபாயும் அதற்கு வட்டியும் பாக்கி இருக்கிறது, ரீஃபண்டில் கழித்துக்கொள்ளப் போகிறோம், ஆட்சேபம் இருந்தால் சொல்லவும் என்று. அந்தப் பணத்தை நான் கட்டியிருந்தேன். மதிய நேரத்தில் வங்கியில் வரிசையில் நின்று, சலான் எழுதி, பணம் கட்டி வந்தது நினைவிருக்கிறது. ஆனால் நினைவை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இரண்டு ஞாயிற்றுக்கிழமை தேடினோம். கடைசியில் என் மனைவிதான் கண்டுபிடித்தாள், பழைய ரேஷன் கார்டு உறைக்குள் நான்காக மடித்து வைத்திருந்த சலான் அடித்துண்டு. உள்ளங்கை அகலம்கூட இல்லை. மடிப்பில் கிழிந்து இரண்டாகப் போயிருந்தது, மை மங்கி ஊதா நிறமாகியிருந்தது, ஆனால் வங்கி முத்திரையில் மூன்றும் தெளிவாக இருந்தன: கிளையின் ஏழு இலக்க பிஎஸ்ஆர் எண், கட்டிய தேதி, ஐந்து இலக்க சலான் வரிசை எண். இந்த மூன்றும் இருந்தால் அந்தப் பணத்தை எங்கே இருந்தாலும் தேடி எடுத்துவிடலாம். தேடியதில், வங்கியில் பதிவேற்றியவர் மதிப்பீட்டு ஆண்டை ஒரு வருடம் தள்ளிப் போட்டிருந்தார் என்று தெரிந்தது. பணம் அரசுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டது, என் கணக்கில் தப்பான வருடத்தில் உட்கார்ந்திருந்தது.

வருமான வரித் தளத்தில் பாக்கியை ஏற்கவில்லை என்று பதில் போட்டு, சலானை ஸ்கேன் செய்து இணைத்து, திருத்தம் கேட்டு மனுவும் கொடுத்தேன். ஐந்து மாதம் ஆனது, பாக்கி நீங்கியது, ரீஃபண்ட் முழுதாக வந்தது. 2024 பிப்ரவரி பட்ஜெட்டில் 2009-10 நிதி ஆண்டு வரையிலான 25,000 ரூபாய்க்கு உட்பட்ட பழைய பாக்கிகளையும், 2010-11 முதல் 2014-15 வரை 10,000 ரூபாய்க்கு உட்பட்டவற்றையும் தள்ளுபடி செய்தார்கள், ஒருவருக்கு மொத்தம் 1 லட்சம் வரை. சின்னப் பாக்கிகளுக்கு அது பெரிய நிம்மதி. அதைத் தாண்டிய தொகை என்றால் இன்றைக்கும் அந்த அடித்துண்டுதான் பேச வேண்டும். மணி, நீங்கள் எரிக்கிற மூட்டையில் சலான்களை மட்டும் எடுத்து வைத்துவிட்டு எரியுங்கள், ஒரு வருடத்துக்கு நாலைந்துதான் இருக்கும்.

மணி சேலம்:

ரவி அண்ணா, இதைப் படித்தபிறகு போன ஏப்ரலில் எரித்ததில் என்னென்ன இருந்தது என்று அப்பாவிடம் கேட்டேன். சலான் எல்லாம் அதோடு சேர்ந்துதான் போனது என்கிறார். இனிமேல் தனியாக எடுத்து வைக்கிறோம். பழைய சலான் விவரத்தை வேறு எங்காவது பார்க்க முடியுமா?

கணக்கர் திருச்சி:

26ஏஎஸ் என்கிற வரிப் பதிவு 2008-09 நிதி ஆண்டு முதல் இணையத்தில் கிடைக்கிறது. வருமான வரித் தளத்தில் நுழைந்து ஒவ்வொரு வருடத்துக்கும் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் பான் எண்ணில் வரவான முன்பணவரி, டிடிஎஸ் (சம்பளம், வட்டி போன்றவற்றில் முன்பே பிடித்த வரி) எல்லாம் அதில் இருக்கும், 2022-23 நிதி ஆண்டு முதல் முன்பணவரியை மட்டும் ஏஐஎஸ் என்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையில் பாருங்கள். ரவி சார் கதையில் போல வருடம் மாறியிருந்தாலும் அடுத்தடுத்த வருடத்துத் தாளை வைத்துப் பார்த்தால் கண்ணில் படும். போட்ட ரிட்டர்ன், ஒப்புகை, அதைச் சரிபார்த்து அவர்கள் அனுப்பிய 143(1) அறிவிப்பு, 26ஏஎஸ், ஏஐஎஸ் என்று ஐந்தும் வருடத்துக்கு ஒரு ஃபோல்டரில் இருந்தால் பாதிப் பிரச்சினை வராது. ஜிஎஸ்டி தளத்திலும் ரிட்டர்ன்களை 7 வருடம்தான் காட்டுவோம் என்று 2024-இல் அறிவித்து, வியாபாரிகள் கேட்டுக்கொண்டதால் பழையதை மறுபடி திறந்து வைத்தார்கள். தளத்தில்தான் இருக்கிறதே என்று விட்டுவிடாமல் இப்போதே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பாத்திரக்கடை மகள்:

எல்லோருக்கும் நன்றி, ஐயாவுக்கு ரொம்ப நன்றி. இன்னும் இரண்டு சந்தேகம். அப்பா 1994-இல் ஒரு மனை வாங்கி அதில்தான் இந்த வீட்டைக் கட்டினார், 2006-இல் மாடி எடுத்தார். அதற்கான செங்கல், சிமெண்ட், கொத்தனார் கூலி எல்லாம் ஒரு நாற்பது பக்க நோட்டில் அப்பா கையெழுத்தில் இருக்கிறது, கூடவே கொஞ்சம் பில்களும். இது வீட்டுச் செலவுதானே, வரிக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று அக்கா அதைப் போடும் பெட்டியில் வைத்துவிட்டாள். இன்னொன்று, அப்பா இல்லாதபோது நோட்டீஸ் வந்தால் யார் பதில் சொல்வது?

மதுரை மீனா:

அந்த நோட்டைப் போடும் பெட்டியில் இருந்து இப்போதே எடுங்கள், இதைப் படித்து முடிப்பதற்குள் எடுத்துவிடுங்கள்.

நாங்கள் 2023 ஜூலையில் மாமனார் வீட்டை விற்றோம். மாடியை அவர் 2006-07-இல் கட்டினார், மொத்தச் செலவு ஆறரை லட்சம் என்று வீட்டில் எல்லோருக்கும் தெரியும், மாமியார் ஒவ்வொரு செலவையும் வரிசையாகச் சொல்லுவார். ஆனால் பில்லாகவும் வங்கிக் காசோலையாகவும் காட்ட முடிந்தது 2,70,000 மட்டும்தான். மீதி 3,80,000 ரூபாய்க்குக் காகிதம் இல்லை, வீடு மாறும்போது கழித்துக்கட்டியதில் போய்விட்டது. அப்போது விலைவாசிக் குறியீட்டை வைத்துக் கட்டிய செலவை உயர்த்தி, விற்ற தொகையில் கழிக்கலாம். 2006-07-க்குக் குறியீடு 122, 2023-24-க்கு 348. 3,80,000 ரூபாய் அந்தக் கணக்கில் 10,83,000-க்கும் மேல் வருகிறது. அவ்வளவும் லாபம் என்று ஆகி, அதற்கு 20 விழுக்காடு, கிட்டத்தட்ட 2,16,000 ரூபாய், செஸ் தனி. ஒரு மஞ்சள் பையில் அடங்குகிற பில்கள் இல்லாததற்காக நாங்கள் கட்டிய பணம் அது. என் கணவர் அந்த வருடம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லி வருத்தப்பட்டார்.

இப்போது விதி மாறியிருக்கிறது. 2024 ஜூலை 23 முதல் குறியீடு இல்லாமல் 12.5 விழுக்காடு. அந்தத் தேதிக்கு முன் வாங்கிய மனை, வீடு என்றால் இந்தியாவில் வசிக்கும் தனிநபர்கள் குறியீட்டோடு 20 விழுக்காடு என்ற பழைய கணக்கையும் போட்டுப் பார்த்து எது குறைவோ அதைக் கட்டலாம். எந்தக் கணக்கானாலும் கட்டிய செலவைக் கழிக்கக் காகிதம் வேண்டும். அப்பாவிடம் இருந்து வந்த சொத்து என்பதால் அவர் போட்ட விலைதான் உங்களுக்கும் அடக்கவிலை. மனை 2001 ஏப்ரலுக்கு முன் வாங்கியது, ஆகவே வாங்கிய விலைக்குப் பதிலாக 2001 ஏப்ரல் 1 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. கிரயப் பத்திரம், தாய்ப்பத்திரம், கட்டட அனுமதி வரைபடம், முதல் வீட்டுவரி ரசீது, மாடிக்கு வாங்கிய கடன் தாள், அந்த நாற்பது பக்க நோட்டு, எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும். வீட்டை விற்கும் வரைக்கும், விற்ற பிறகு அந்த வருடத்து ரிட்டர்னுக்கு ஐயா சொன்ன கெடு தாண்டும் வரைக்கும்.

பங்கு, மியூச்சுவல் ஃபண்ட் வைத்திருப்பவர்களுக்கும் இதே மாதிரிதான். 2018 ஜனவரி 31-க்கு முன் வாங்கியது என்றால் அந்த ஜனவரி 31 அன்று இருந்த விலையும் கணக்கில் வரும், எனவே வாங்கிய தேதியும் விலையும் இருக்கிற பழைய ஒப்பந்தச் சீட்டுகளை விற்கும் வரை விடக்கூடாது.

கணக்கர் திருச்சி:

மீனா அம்மா சொன்னதில் ஒரு எழுத்துகூட மாற்ற வேண்டியதில்லை. கையெழுத்து நோட்டு மட்டும் தனியாக நிற்காது, ஆனால் அதே தேதியில் பாஸ்புக்கில் பணம் எடுத்திருப்பதையும் நாலைந்து சிமெண்ட் பில்லையும் பக்கத்தில் வைத்தால் அதற்கு வலு வந்துவிடும். அதனால் 2006 வருடத்துப் பாஸ்புக்கையும் அந்தப் பையிலேயே போடுங்கள்.

அப்பாவுக்கு வரும் நோட்டீஸ் விஷயம். இறந்தவரின் வரிப் பொறுப்பு வாரிசுகளுக்கு வரும், ஆனால் அவரிடம் இருந்து வந்த சொத்தின் அளவுக்குத்தான், உங்கள் சொந்தச் சம்பாத்தியத்தில் கைவைக்க முடியாது. வருமான வரித் தளத்தில் உங்களைச் சட்ட வாரிசாகப் பதிவு செய்யுங்கள், இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, இருவரின் பான் அட்டை வேண்டும். பதிவு செய்தால் அப்பா பழைய வருடங்களில் போட்ட ரிட்டர்னையும் உள்ளே போய்ப் பார்க்கலாம். 2023 ஏப்ரலில் இருந்து அவர் இறந்த நாள் வரைக்கும் வட்டி, வாடகை என்று வருமானம் இருந்ததா, அதற்கு ரிட்டர்ன் போட்டீர்களா என்பதையும் பாருங்கள். வரி கட்ட வேண்டியிருந்து விட்டுப்போயிருந்தால் 2029 மார்ச் 31 வரை புதுப்பித்த ரிட்டர்ன் போட வழி இருக்கிறது, தள்ளத் தள்ளக் கூடுதல் வரி ஏறும். 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும்படி புது வருமான வரிச் சட்டம் இயற்றியிருக்கிறார்கள், ஆனால் அப்பாவின் வருடங்கள் எல்லாம் பழைய சட்டத்தின் கீழ்தான் வரும், அதை நினைத்துக் குழம்ப வேண்டாம்.

உங்கள் பீரோ பற்றி: வாடகை ரசீது, எல்ஐசி ரசீது, பள்ளிக் கட்டண ரசீது எல்லாம் ஏழு வருடத்தோடு போகலாம். ஃபார்ம் 16 எல்லா வருடத்துக்கும் இருக்கட்டும், 13 வருடத்துக்குப் பதின்மூன்று தாள் அளவுதான். வேலையில் சேர்ந்த கடிதம், விலகிய கடிதம், பிஎஃப் எண் இருக்கிற சம்பளச் சீட்டு, இதெல்லாம் ஓய்வு பெற்றுப் பென்ஷன் வாங்கும் வரை தேவைப்படும்.

முடிச்சூர் வாசி:

எப்படி வைப்பது என்று யாரும் சொல்லவில்லையே. 2015 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டில் தரைத்தளத்தில் நெஞ்சளவு தண்ணீர். பத்திரம் மேல் தட்டில் இருந்ததால் பிழைத்தது. கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப்பெட்டியைத் திறந்தபோது பத்து வருடத்துக் காகிதமும் ஒரே கட்டியாக ஒட்டியிருந்தது, பிரிக்கப் பிரிக்கக் கூழாகக் கையோடு வந்தது. ஆகவே முக்கியமானதைத் தரையில் வைக்காதீர்கள், பரணிலும் வைக்காதீர்கள், உங்களுக்கே கரையான் காட்டிவிட்டது. ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் போட்டு பீரோவில் நடுத்தட்டில் வையுங்கள்.

அப்புறம் இன்னொன்று. இப்போது கடைகளிலும் பெட்ரோல் பங்கிலும் தருகிற வழுவழுப்பான பில்லில் எழுத்து நிற்காது. இரண்டு வருடம் கழித்து எடுத்தால் வெள்ளைத் தாள்தான் இருக்கும், பிளாஸ்டிக் உறையில் போட்டால் இன்னும் சீக்கிரம் அழிகிறது. வாங்கிய அன்றே படம் எடுத்துவிட வேண்டும். நான் 12 வருடம் சிங்கப்பூரில் இருந்து திரும்பியவன், பழைய பாஸ்போர்ட் இரண்டையும் வைத்திருக்கிறேன், எந்த வருடத்தில் எத்தனை நாள் இந்தியாவில் இருந்தேன் என்பதற்கு அந்த முத்திரைகள்தான் சாட்சி. வெளிநாட்டில் இருந்து வந்தவர்கள் அதைக் கிழித்துப் போடாதீர்கள், அங்கிருந்து பணம் அனுப்பிய வங்கித் தாளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

போட வேண்டியதைப் பழைய பேப்பர் கடையில் அப்படியே எடைக்குப் போடாதீர்கள். சுண்டல் வாங்கிய பொட்டலத்தில் முன்பின் தெரியாத ஒருவரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கு எண்ணும் கையெழுத்தும் இருந்ததை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கையெழுத்தும் கணக்கு எண்ணும் இருக்கிற தாள்களை மட்டும் பிரித்து வாளித் தண்ணீரில் ஒரு ராத்திரி ஊறவைத்துப் பிசைந்துவிட்டால் போதும். மிச்சத்தை எடைக்குப் போடலாம்.

பாத்திரக்கடை மகள்:

மூன்று நாள் உட்கார்ந்து நானும் அக்காவும் புரட்டினோம். மாடி கட்டிய நோட்டு பத்திரமாக இருக்கிறது, அதற்குள்ளேயே செங்கல் சூளைக்காரர் கொடுத்த ரசீது ஏழு. சலான்களை வருடவாரியாகப் பிரித்து உறையில் போட்டாகிவிட்டது. பதினான்கு பெட்டியில் ஒன்பது போகும் என்று தோன்றுகிறது. முதல் வருடத்துப் பேரேட்டை அம்மா கேட்டார், முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழியும் மஞ்சளும் இருக்கிறது, அதை வரிக்காக இல்லாமல் அம்மாவுக்காகவே வைக்கிறோம்.

ஐயா, ஒரு விஷயம் கேட்க வேண்டும். நீங்கள் ஒவ்வொரு ஃபைலையும் புரட்டச் சொன்னீர்கள் இல்லையா? 2013 கொள்முதல் பில்களுக்கு நடுவில் ஒரு காக்கி உறை கிடைத்தது. 2012-13 வாட் மதிப்பீட்டு ஆணை. சரக்கு விற்றவர் தன் ரிட்டர்னில் காட்டாததால் அப்பா கொள்முதலில் கட்டி, தன் வரியில் கழித்துக்கொண்ட உள்ளீட்டு வரியைத் திருப்பிக் கட்டச் சொல்லியிருக்கிறார்கள், 64,000 ரூபாய். அப்பா 16,000 கட்டி மேல்முறையீடு செய்திருக்கிறார், அந்தச் சலானும் மனு நகலும் இருக்கின்றன. அதற்கு அப்புறம் ஒரு தாளும் இல்லை. அம்மாவுக்கு இதைப் பற்றி எதுவும் தெரியவில்லை.

கணக்கர் திருச்சி:

நல்லவேளை புரட்டினீர்கள். அந்த 16,000 என்பது 25 விழுக்காடு, வாட் மேல்முறையீட்டுக்கு அவ்வளவு கட்டித்தான் மனு போட வேண்டும். ஆணை என்ன ஆனது என்று தெரியும் வரை 2012-13 வருடத்துக் காகிதம் ஒன்றுகூடப் போகக்கூடாது. போடும் ஒன்பது பெட்டியில் அந்த வருடத்துக் கம்பி இருந்தால் திரும்ப எடுங்கள், குறிப்பாக அந்த விற்பனையாளர் கொடுத்த அசல் பில்களும் அவருக்குக் காசோலை கொடுத்த வங்கித் தாளும்.

மனு நகலில் முதல் பக்கத்தில் வந்துசேர்ந்த முத்திரையும் எண்ணும் இருக்கும். அதை எடுத்துக்கொண்டு துணை ஆணையர் மேல்முறையீட்டு அலுவலகத்தில் நிலை என்ன என்று எழுத்தில் கேளுங்கள். அப்பா பக்கம் தீர்ப்பாகியிருந்தால் அந்த 16,000 உங்களுக்குத் திரும்ப வரவேண்டிய பணம், சலான் அசல் இல்லாமல் அதைக் கேட்க முடியாது. எதிராகப் போயிருந்தால் மீதி நிலுவையில் இருக்கலாம். 2023-இல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த சமாதானத் திட்டத்தில் 50,000 ரூபாய்க்கு உட்பட்ட பழைய வணிகவரி நிலுவைகளை முழுதாகத் தள்ளுபடி செய்தார்கள், இது அதற்குள் வந்ததா என்பதையும் அங்கேயே கேட்டுவிடுங்கள். போகும்போது வாரிசுச் சான்று நகலும் கையில் இருக்கட்டும்.

பாத்திரக்கடை மகள்:

2012-13 கம்பி போடும் மூட்டையில்தான் இருந்தது ஐயா, எடுத்துவிட்டோம். அந்த விற்பனையாளரின் பில் பதினொன்று இருக்கிறது, வங்கித் தாள் மட்டும் தேட வேண்டும். திங்கட்கிழமை அக்கா அலுவலகத்துக்குப் போகிறாள், பதில் கிடைத்ததும் இங்கே எழுதுகிறேன்.